பெயிண்டரின் மாவுக்கட்டு

வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்று பெயர். அக்கா பெரியவள், இவள் சின்னவள். இருபத்து மூன்று வயதான பிறகும் அது மாறவில்லை. கல்லூரியில்தான் கடைசி வருடத்தில் வேறொரு பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. மாவுக்கட்டு. "மாவுக்கட்டு வந்தாச்சா?" "மாவுக்கட்டு பக்கத்துல உக்காராதே, அப்புறம் சாப்பாடு இறங்காது" என்று அவள் காதில் விழும்படியே பேசிக்கொள்வார்கள்.

ஓவியக் கல்லூரியில் அவள் எடுத்தது புகைப்படப் பிரிவு. கடைசி வருடம் ஆளுக்கொரு புராஜெக்ட் செய்து, வருட முடிவில் தேர்வாளர்கள் முன்னால் காட்சிக்கு வைக்க வேண்டும். மற்றவர்கள் ரயில் நிலையம், சந்தை, மழை என்று கிளம்பினார்கள். சின்னவளுக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டும் படம் என்றாலே எரிச்சல். படத்தைக் காகிதத்திலிருந்து பிடுங்கி வேறெதன்மேலாவது வைக்க வேண்டும், அதைக் கையில் தூக்கிப் பார்க்கிற மாதிரி கனம் இருக்க வேண்டும் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எதன்மேல் என்று கேட்டால் பதில் கிடையாது.

பதிலைக் கொண்டுவந்தவள் பெரியவள். அவளுக்கு அரசு மருத்துவமனையில் எலும்பு முறிவுப் பிரிவில் வேலை, மாவுக்கட்டு போடுகிற அறையில். ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள்: "கட்டு வெட்டறப்போ எல்லாரும் ஒரே கதைதான் பேசறாங்க. எலும்பைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. எங்க விழுந்தாங்க, எத்தனாவது படி, ஏன் அன்னிக்கு அந்தப் பக்கம் போனாங்க... அதையேதான். போன மாசம் சொன்னதையே இன்னிக்கும் சொல்றாங்க."

சின்னவள் கையில் எடுத்த சாப்பாட்டைத் தட்டிலேயே வைத்தாள். விழுந்தவரை விழுந்த இடத்துக்கே கூட்டிப் போய்ப் படம் எடுப்பது. அந்தப் படத்தை அவர் காலிலிருந்தோ கையிலிருந்தோ வெட்டி எடுத்த மாவுக்கட்டின்மேலேயே பதிப்பது. அவ்வளவுதான் யோசனை. சொல்லும்போது அரை நிமிடம் ஆனது. செய்துமுடிக்க எட்டு மாதம் ஆனது, முடிந்தது என்று இன்றுவரை அவள் ஒப்புக்கொள்வதில்லை.

கட்டு கிடைப்பதே பெரும்பாடு. மருத்துவமனையிலிருந்து எதையும் எடுத்துவரக் கூடாது, எடுத்தால் தன் வேலை போய்விடும் என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நோயாளியே கேட்டு வாங்கி வெளியே கொண்டுவந்தால்தான் உண்டு. அதனால் சின்னவள் மருத்துவமனை வாசலில் நின்று, நொண்டி நொண்டி வருகிறவர்களிடம் போய், "உங்க கட்டை எனக்குக் குடுக்கறீங்களா?" என்று கேட்டாள். பாதிப் பேர் கேட்டும் கேட்காததுபோல் நடந்தார்கள். ஓர் அம்மாள், "என்ன, செய்வினை ஏதாவது வைக்கப்போறியா?" என்று கேட்டுவிட்டு ஆட்டோவில் ஏறி மறு ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள். மூன்று மாதம் நின்றதில் பத்துக் கட்டுகள் சேர்ந்தன. அவற்றில் படம் எடுக்க ஒப்புக்கொண்டவர்கள் ஏழு பேர்.

வீட்டில் குளியலறைதான் பட்டறை ஆனது. மாவுக்கட்டின் உட்புறம் ஒன்றரை மாத வியர்வையும் பஞ்சும் முடியும் ஒட்டிக்கிடக்கும். வாடை மூக்கைத் துளைக்கும். அம்மா வாளியைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஊர்ல உள்ளவங்க காலை எல்லாம் என் குளியலறையில அடுக்கி வெச்சிருக்கே. இதுக்கு நீ டாக்டருக்கே படிச்சிருக்கலாம்."

அப்பா பஸ் டிப்போவில் டைம்கீப்பர். அவருக்கு எதுவும் நேரக் கணக்குதான். "இது எப்போ புறப்பட்டு எப்போ போய்ச் சேரும்?" என்பார். "தெரியலப்பா" என்றால் அவருக்குத் தாங்காது. புறப்பட்ட வண்டி போய்ச் சேரும் நேரம் தெரியாமல் ஒரு வேலையை அவர் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை.

தெரியவில்லை என்பது உண்மை. படத்தைப் பதிக்கும் முறையைச் சின்னவள் நன்றாகவே கற்றிருந்தாள். லேசர் பிரிண்டரில் படத்தை இடவலம் மாற்றி அச்செடுத்து, அச்சுப் பக்கம் கீழே இருக்கும்படி பசை தடவி ஒட்ட வேண்டும். காய்ந்ததும் முதுகுப் பக்கம் தண்ணீர் தொட்டு விரலால் தேய்த்தால் காகிதம் மட்டும் திரிதிரியாக உருண்டு வந்துவிடும். மை பசையோடு தங்கிவிடும். பலகையில் வந்தது. துணியில் வந்தது. மாவுக்கட்டில் மட்டும் வரவில்லை. தண்ணீர் பட்டதும் மாவு இளகியது. காகிதத்தோடு மையும், மையோடு மாவும் சேர்ந்து கையில் வந்தன. படிக்கட்டில் விழுந்த தபால்காரரின் முகம் அவள் கட்டைவிரலில் கறுப்புச் சேறாக ஒட்டியிருந்ததே தவிரக் கட்டில் இல்லை. தண்ணீரைக் குறைத்தால் காகிதம் போகவில்லை. பசையைக் கூட்டினால் குமிழி கட்டியது. முதல் மூன்று கட்டுகள் இப்படியே பாழாயின. அவை ஒவ்வொன்றும் ஒருவர் மனது வைத்துக் கொடுத்தது, இன்னொன்று கேட்டு வாங்க முடியாதது. மூன்றாவது பாழான அன்று வாளியை எட்டி உதைத்தாள். கால் பெருவிரல் வீங்கியதுதான் மிச்சம். பெரியவள் கட்டுப் போட்டுவிட்டு, "உன்னோடதை நீயே வெச்சுக்கலாம்" என்றாள். சின்னவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த நேரத்தில்தான் பெயிண்டர் வந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். கட்டட வேலையில் சாரத்தின் மூன்றாவது தட்டிலிருந்து விழுந்து, கீழே மணல் குவித்திருந்ததால் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்ததோடு தப்பியவர். வாசலில் அவள் கேட்டதும் ஒப்புக்கொண்டு, உள்ளே வெட்டிய கட்டைக் கேட்டு வாங்கி வந்து நீட்டிவிட்டார். "எடுத்துக்கோ தங்கச்சி. ஒன்றரை மாசமா இதைச் சுமந்து எனக்கு வெறுத்துப் போச்சு."

அந்தக் கட்டின் முன்பக்கம் நீலப் பேனாவில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: "சாரத்தில் இருந்து பறந்த வீரனுக்கு. மூணாவது தட்டு காலியாவே இருக்கு, சீக்கிரம் வா." கீழே கையெழுத்து, தேதி.

"யாருண்ணா எழுதினது?"

"எங்க சூப்பர்வைசர்தான். பார்க்க வந்தப்போ தமாஷுக்கு எழுதிட்டுப் போனார்."

மறுநாளே இருவரும் அந்தக் கட்டடத்துக்குப் போனார்கள். பின்பக்கச் சுவரில் இன்னும் சாரம் கட்டியிருந்தது. வெள்ளை பிரைமர் அடித்த சுவரின் முன்னால் பெயிண்டர் ஒரு கையில் ஊன்றுகோலோடு நின்று, மறு கை விரலால் மேலே மூன்றாவது தட்டைக் காட்டினார். திரும்பி வரும்போது அவள் தன் கஷ்டத்தைச் சொல்லிப் புலம்பினாள். அவர் நின்று அவளைப் பார்த்தார்.

"நேரா மாவு மேலயே ஒட்டறியா?"

"ஆமாண்ணா."

"பிரைமர் அடிக்காம எந்தச் சுவராவது பெயிண்டைப் பிடிச்சு வெச்சுக்குமா? முதல்ல அதோட தாகத்தை அடைக்கணும்மா."

நான்கு வருடம் கலை படித்தவளுக்கு இது தோன்றவில்லையே என்று பஸ் முழுவதும் தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள். தச்சர்கள் மரத்துக்குப் பூசும் பாலிஷை வாங்கி, கட்டின் உள்ளும் புறமும் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கை பூசிக் காயவைத்தாள். பிறகு ஒட்டினாள். தேய்த்தாள். காகிதம் போயிற்று, படம் நின்றது.

நின்றது மட்டுமல்ல. வெள்ளைச் சுவர் இருந்த இடத்தில் அச்சில் மையே இல்லாததால் அந்த இடம் கண்ணாடிபோல் ஆகி, அடியில் இருந்த நீல எழுத்து அப்படியே தெரிந்தது. அவள் அளந்து ஒட்டியதில் பெயிண்டரின் நீட்டிய விரல், "மூணாவது தட்டு" என்ற சொல்லின்மேல் போய் நின்றது. எட்டு மாதத்தில் அவளுக்கு உச்சி குளிர்ந்தது அந்த ஒரு மாலைதான். அம்மாகூடக் குளியலறை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இது நல்லா இருக்கே" என்றாள்.

மிச்சமிருந்த கட்டுகளில் மூன்றில் மறுபடி முயன்றாள். சுமாராக வந்தன, அவ்வளவுதான். பாலிஷ் திட்டுத்திட்டாகப் படிந்தது, முகங்கள் மங்கின. பெயிண்டரின் கட்டை நடுவில் வைத்தால் மற்றவையும் அதன் தயவில் நின்றுவிடும் என்று கணக்குப் போட்டாள்.

கல்லூரியில் துறைத்தலைவியிடம் கொண்டுபோய்க் காட்டினாள். மேடம் கெட்டவர் அல்ல, களைத்தவர். கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது போட்டோவா, சிற்பமா?"

"ரெண்டும் மேடம்."

"ரெண்டும்னு படிவத்துல கட்டம் இல்லையே. ஒண்ணுலதான் டிக் போடணும்."

சிற்பப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே இருந்தவர், "வடிவத்தைப் பண்ணினது ஆஸ்பத்திரி, நீ இல்லை" என்று திருப்பி அனுப்பினார். இரண்டு வாரம் இரண்டு மாடிகளுக்கு நடுவே படியேறி இறங்கியதில் கடைசியாகப் புகைப்படம் என்ற கட்டத்தில் டிக் விழுந்தது. ஆனால் படிவத்தில் மேடம் ஒரு வரி சேர்த்துவிட்டார்: காட்சியில் வைத்த பொருள்களுக்கு மட்டுமே மதிப்பெண்.

காட்சி வியாழக்கிழமை. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை பெயிண்டர் கல்லூரிக்கே வந்துவிட்டார். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை: "தங்கச்சி, என் காலைத் திருப்பிக் குடும்மா."

கதை இதுதான். கால் சேர்ந்த பிறகு கட்டடக் கான்ட்ராக்டரின் கம்பெனி அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை. நஷ்ட ஈடு கேட்டுத் தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தார். கான்ட்ராக்டர், "இந்த ஆள் எங்க சாரத்துல ஏறினதே இல்ல. வீட்டுல பரண்ல ஏறி விழுந்துட்டு எங்க மேல பழி போடறார்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். உடன் வேலை பார்த்தவர்கள் வாய் திறக்கத் தயாராக இல்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் விழுந்ததில் எலும்பு முறிவு என்பதோடு சரி. விழுந்தது சாரத்திலிருந்துதான் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே எழுத்து, சூப்பர்வைசர் தமாஷுக்கு எழுதிய அந்த இரண்டு வரிதான்.

"போட்டோ எடுத்துத் தரேன்ணா, பெரிசா, தெளிவா" என்றாள் சின்னவள். எடுத்தும் கொடுத்தாள். திங்கட்கிழமை அவர் அதோடு திரும்பி வந்தார். அதிகாரி சொன்னாராம்: போட்டோவில் இந்தக் காலத்தில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம், அசலைக் கொண்டு வா, ஒட்டின பெண்ணையும் கூட்டி வா.

அன்று இரவு வீட்டில் கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொடுக்க முடியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை, கொடுக்கவும் மனம் வரவில்லை. பெரியவள்தான் உடைத்துப் பேசினாள். "அது அவர் கால்டி."

"அது அவர் கால்தான். அதுமேல இருக்கறது என் எட்டு மாசம்."

"சரி, ரெண்டையும் எடுத்துட்டுப் போ. காட்டிட்டு எடுத்துட்டு வந்துடு."

அந்த நம்பிக்கையில்தான் செவ்வாய்க்கிழமை கட்டை அம்மாவின் பழைய சேலையில் சுற்றிக்கொண்டு தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனாள். நீளமான அறை. மேசைமேல் கோப்புகள் ஆள் உயரத்துக்கு இருந்தன. காலை பத்து மணிக்கு வரச் சொன்னவர்கள் இரண்டு மணிக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி கட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இது என்னம்மா மேல படம்?"

"என் புராஜெக்ட் சார்."

கான்ட்ராக்டர் பக்கத்து வக்கீல் சிரித்தார். "சார், இவங்க கலைஞர். அழகுக்காகப் படம் ஒட்டினவங்க, அழகுக்காக ரெண்டு வரி எழுதவும் செய்வாங்க. படம் ஒட்டினதுக்கு அப்புறம் இவங்களே எழுதியிருக்கலாம் இல்லையா?"

சின்னவளுக்குக் காது மடல் சூடானது. "எழுத்து அடியில இருக்கு சார். அதுமேல பாலிஷ், அதுமேல பசை, அதுக்கும் மேலதான் படம்."

"அடியில இருக்குன்னு எப்படி நம்பறது?" என்றார் வக்கீல்.

அதிகாரி கட்டைத் தன் பக்கம் திருப்பிவைத்தார். பிறகு, கொடுமைக்காரர்போல் இல்லாமல், கடையில் துணியைப் பிரித்துக் காட்டச் சொல்கிறவர்போல்தான் கேட்டார்: "அந்த இடத்துல மட்டும் படத்தை எடுத்துக் காட்ட முடியுமாம்மா? எழுத்து அப்படியே நின்னுதுன்னா விஷயம் தெளிவாயிடும்."

அவள் பெயிண்டரைப் பார்த்தாள். அவர் தலை நிமிராமல் ஊன்றுகோலின் பிடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் வாய் திறந்து கெஞ்சியிருந்தால்கூட அவளுக்குக் கோபப்பட ஓர் ஆள் கிடைத்திருப்பார்.

பியூன் ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் ஒரு பிளேடும் கொண்டுவந்து வைத்தார். விரல் நீட்டிய இடத்தில் தொடங்கினாள். முதலில் வரவில்லை, அவ்வளவு நன்றாக ஒட்டியிருந்தாள். பிளேடால் பசையின் ஓரத்தைக் கிளப்பி, நீர் தொட்டு, கட்டைவிரலால் தேய்த்தாள். முதலில் விரல் போயிற்று. பிறகு மணிக்கட்டு. முழங்கை வரை போன பிறகு அதிகாரி, "போதும்மா" என்றார். அடியில் "மூணாவது தட்டு" நீலம் கலையாமல் இருந்தது. அதிகாரி கம்பெனியின் வருகைப் பதிவேட்டைத் திறந்து, சூப்பர்வைசரின் கையெழுத்தோடு கட்டை வைத்துப் பார்த்தார். வக்கீல் தன் பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்.

கட்டை எடுத்துச் சேலையில் சுற்றப் போனவளை அதிகாரி நிறுத்தினார். "அது இனிமே சான்றுப் பொருள்மா. வழக்கு முடியற வரைக்கும் இங்கதான் இருக்கும்."

"சார், வியாழக்கிழமை எனக்கு எக்ஸாம். அது இல்லேன்னா..."

"ரசீது தரச் சொல்றேன்" என்றார் அவர்.

வியாழக்கிழமை நான்கு மேடைகள் போட்டாள். மூன்றின்மேல் சுமாரான மூன்று கட்டுகள். நடுவில் இருந்தது காலி. அதன்மேல் பெரிய அளவில் எடுத்த போட்டோவை வைக்கலாமா என்று கடைசி நிமிடம் வரை யோசித்து, வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள், எடுத்துவிட்டாள். கனம் இல்லாத படத்துக்காகவா இத்தனை பாடு என்று அவளுக்கே பொறுக்கவில்லை.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் காலி மேடை முன்னால் நின்றார். "இது வேணும்னே காலியா விட்டதா?"

அந்த நேரத்தில் ஆமாம் என்று சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாள். வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள், அதற்கு நாலு தத்துவமும் சேர்த்திருப்பார்கள். இவள், "இல்லை சார், அந்தப் பொருள் தொழிலாளர் அலுவலகத்துல இருக்கு" என்று ஆதியோடு அந்தமாகச் சொல்ல ஆரம்பித்தாள். சாரம், மணல், பரண், வக்கீல் என்று அவள் போய்க்கொண்டிருக்க, அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு இன்னும் பதினோரு பேர் பாக்கி.

"கதை நல்லா இருக்கும்மா. ஆனா நான் பார்க்க வேண்டியது வேலையை."

மேடம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேறிவிட்டாள், தேறுவதற்குக் குறைந்தபட்சம் எவ்வளவோ அவ்வளவு மதிப்பெண். ரயில் நிலையத்தைப் படமெடுத்தவனுக்கு முதல் பரிசு. அப்பா மதிப்பெண் தாளைப் பார்த்து, "லேட்டா வந்தாலும் வண்டி வந்து சேர்ந்துருச்சே" என்று ஆறுதல் சொன்னது எரிகிற இடத்தில் எண்ணெய் ஊற்றியதுபோல் இருந்தது. அன்று அவரோடும் சண்டை.

நான்கு மாதத்தில் வழக்கு முடிந்தது. கம்பெனி நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும் என்று உத்தரவானது. பெயிண்டர் மனைவியையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து சொன்னார். இனிச் சாரம் ஏற முடியாது என்றும், கடை ஷட்டர்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலையை எடுத்திருப்பதாகவும், தரையில் நின்றே செய்யலாம் என்றும் சொன்னார். அவர் மனைவி சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சின்னவள் சிரித்துக்கொண்டுதான் நின்றாள். ஆனால் அந்த நிமிடத்திலும், அந்த விசாரணை ஒரே ஒரு வாரம் முன்னே பின்னே நடந்திருக்கக் கூடாதா என்று உள்ளுக்குள் ஓடியது. அதற்காகத் தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது. அவர்கள் போன பிறகு அக்காவிடம் சொன்னாள்: "நல்லது நடந்திருக்கு, எனக்கு முழுசா சந்தோஷப்படத் தெரியலை. நான் என்ன மாதிரி ஆளு?"

"வயித்தெரிச்சல் பிடிச்ச ஆளு. எங்க ஆஸ்பத்திரில நிறையப் பேர் இருக்காங்க" என்றாள் பெரியவள்.

வழக்கு முடிந்ததே, கட்டைத் தருவார்கள் என்று ரசீதை எடுத்துக்கொண்டு போனாள். கம்பெனி மேல்முறையீடு செய்ய அவகாசம் இருக்கிறதாம். அதுவரை தர முடியாதாம். அவகாசம் முடிந்ததும் போனாள். பொருள் பெயிண்டருடையது, அவர்தான் மனுப் போட வேண்டும் என்றார்கள். அவர் போட்டார். ஆவண அறைக்குப் போய்விட்டது, அங்கிருந்து எடுக்க வேறு படிவம் என்றார்கள். இதற்குள் சின்னவள் ஒரு ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். நாள் முழுவதும் வெள்ளைத் திரைக்கு முன்னால் ஆட்களை உட்காரவைத்து, "சிரிக்காதீங்க, காது தெரியணும்" என்று சொல்லிச் சொல்லி அடையாள அட்டைக்குப் படம் எடுக்கிற வேலை. ஒவ்வொரு மனுவுக்கும் அரை நாள் விடுப்புக் கேட்க வேண்டியிருந்தது. முதலாளி ஒருநாள் கேட்டே விட்டார், "யார் கால்மா அது?"

கடைசியில், தர இயலாது, அலுவலக நேரத்தில் வந்து பார்வையிடலாம் என்று ஒரு கடிதம் வந்தது. போனாள். ஆவண அறைக்காரர் கட்டை இரும்பு அலமாரியிலிருந்து எடுத்துத் தினசரித்தாள் விரித்த மேசைமேல் வைத்தார். நெற்றியில் பொட்டு வைத்ததுபோல் பெயிண்டரின் முகத்தின்மேல் எண் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தார்கள். போட்டோ எடுக்கக் கூடாது, தொடக் கூடாது.

குனிந்து பார்த்தாள். தேய்த்த இடம் அவள் நினைத்திருந்ததைவிடப் பெரியதாக இருந்தது. அதைவிட, குதிகால் பக்கம் பாலிஷ் மஞ்சளாகி, பாளம் பாளமாக வெடிக்க ஆரம்பித்திருந்தது. அங்கே மூன்றாவது கையை ஈரம் காய்வதற்குள் அவசரமாகப் பூசியது ஞாபகம் வந்தது. யாரும் தேய்க்காமல் விட்டிருந்தாலும், இன்னும் ஒரு வருடத்தில் படம் தானாகவே உரிந்திருக்கும். இவ்வளவு நாள் அதிகாரியையும் வக்கீலையும் தேர்வாளரையும் திட்டித் தீர்த்தவளுக்கு, குதிகாலைப் பார்த்ததும் திட்ட ஆள் இல்லாமல் போய்விட்டது.

"முடிஞ்சுதாம்மா? சாப்பாட்டு நேரம்" என்றார் ஆவண அறைக்காரர்.

"ஒரு பேனா குடுக்கறீங்களா சார்?"

பேனாவை வாங்கி, வந்த கடிதத்தின் பின்பக்கத்திலேயே எழுதினாள்: மூன்று கை வேண்டாம், இரண்டு போதும். ஒரு கைக்கும் அடுத்ததுக்கும் நடுவே ஒரு முழு நாள். குதிகாலில் இன்னும் மெல்லிசாக.

பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பதிவேட்டில் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். ஸ்டுடியோவுக்கு இரண்டு மணிக்குள் திரும்ப வேண்டும்.